இந்த கேம் செட் தாங்குமா?

விடிவதற்கு முன்பே பால்மரக் காட்டுக்குள் போய்விட வேண்டும் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரவெல்லாம் காற்று குளிர்ந்து ஈரத்தில் ஊறியிருக்கும். இலை வழியாக நீர் அதிகம் ஆவியாகாததால் மரத்துக்குள் அழுத்தம் ஏறியிருக்கும். அந்த நேரத்தில் கத்தி பட்டால் பால் தாராளமாக இறங்கும். வெயில் ஏறிவிட்டால் மங்கு பாதிகூட நிறையாது. கெடாவின் கோலா கெத்தில் வட்டாரத்தில் பத்து பெக்காக்கா, பாடனோக் என்று எந்தத் தோட்டத்தின் பெயரைச் சொன்னாலும், அந்த ஈர விடியலை நினைவில் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இன்றும் இருப்பார்.

அந்தக் காற்றுக்குப் பால்மரம் பழகிவிட்டது. கேம் செட் பழகவில்லை.

நிண்டெண்டோ சுவிட்ச் என்ற கையடக்க கேம் செட்டின் தொழில்நுட்ப விவரத்தில், யாரும் படிக்காத ஒரு வரி இருக்கிறது. இயங்குவதற்கு ஏற்ற சூழல்: வெப்பம் 5 முதல் 35 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 20 முதல் 80 விழுக்காடு. சுங்கை கெத்தில் வந்து சுங்கை மூடாவில் கலக்கும் இந்த ஊரில், விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். வெயிலின் கதை இன்னும் சுவையானது. மூன்று நாள் தொடர்ந்து அதிகபட்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரிக்குள் இருந்தால் நமது வானிலை ஆய்வுத் துறை முதல் நிலை வெப்ப எச்சரிக்கை விடுகிறது. வறண்ட மாதங்களில் அந்த அறிவிப்பில் கெடா மாவட்டங்களின் பெயர் வருவது புதிதல்ல. செட்டின் எல்லை முடிகிற அதே 35இல்தான் நம் எச்சரிக்கை தொடங்குகிறது.

36 டிகிரியில் செட் வெடித்துவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம். ‘இந்த எல்லைக்குள் நாங்கள் சோதித்துப் பார்த்தோம், வெளியே நடப்பதற்கு எங்கள் வாக்கு இல்லை’ என்பதுதான் அந்த வரியின் பொருள். நம்பகம் என்ற சொல்லுக்குப் பொறியியலில் உள்ள இலக்கணமும் இதையேதான் சொல்கிறது: குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட காலம் வரை, ஒரு பொருள் தன் வேலையைப் பழுதின்றிச் செய்வதற்கான வாய்ப்பு. சூழல், காலம், வேலை ஆகிய மூன்றையும் சொல்லாமல் ‘நல்ல செட்’ என்று சொன்னால், ‘நல்ல மாப்பிள்ளை’ என்று தரகர் சொல்வதைப் போலத்தான்.

இதெல்லாம் எனக்கு ஏன் தேவைப்பட்டது என்றால், இரண்டாம் படிவம் படிக்கும் அக்கா மகன் தீபாவளி அங்பாவ் காசைச் சேர்த்து வைத்துக்கொண்டு, “மாமா, எது வாங்கினா தாங்கும்?” என்று கேட்டான். ‘எது நல்லாருக்கும்’ என்று கேட்கவில்லை. அது அவனுக்கே தெரியும். தாங்குமா என்பதுதான் சந்தேகம்.

டவுனில் இருக்கும் கடைக்கு இருவரும் போனோம். கைப்பேசி, சார்ஜர், காதொலிக்கருவி இவற்றுக்கு நடுவே நூறு, நூற்றைம்பது வெள்ளி விலையில் சீனத்து கேம் செட்டுகள் வரிசையாக இருந்தன. கடைக்காரத் தம்பி நல்லவர். “அண்ணே, இந்த மாடல்ல முப்பது செட் வித்துட்டேன். ஒன்னுகூடத் திரும்பி வரல” என்றார். பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த உண்மையின் எடை எவ்வளவு?

இதை அளக்க ஒரு சின்னக் கணக்கு உண்டு. புள்ளியியலில் ‘மூன்றின் விதி’ என்பார்கள். எத்தனை முறை பார்த்தும் ஒரு பழுதும் வரவில்லையோ, அந்த எண்ணிக்கையால் மூன்றை வகுக்க வேண்டும். வரும் விடைதான், 95 விழுக்காட்டு உறுதியோடு நாம் சொல்லக்கூடிய பழுது விகிதத்தின் மேல் எல்லை. முப்பது செட்டில் பூஜ்யம் பழுது என்றால் மூன்றை முப்பதால் வகுக்க, பத்து விழுக்காடு. அதாவது அந்த மாடலில் பத்துக்கு ஒன்று கெட்டுப்போகும் குணம் இருந்தால்கூட, கடைக்காரர் தற்செயலாக முப்பதையும் பழுதில்லாமல் விற்றிருக்க வாய்ப்பு கொஞ்சம் உண்டு. நூற்றுக்கு இரண்டு கெடும் ரகம் என்றால் கேட்கவே வேண்டாம்: முப்பது செட் விற்ற கடைகளில் பாதிக்கு மேற்பட்டவை ஒரு பழுதையும் பார்த்திருக்காது. ஒரு விழுக்காட்டுக்கும் கீழே என்று தைரியமாகச் சொல்ல, முந்நூறு செட் விற்று ஒன்றும் திரும்பாமல் இருந்திருக்க வேண்டும். கோலா கெத்தில் டவுனில் எந்தக் கடை ஒரே மாடலில் முந்நூறு விற்கும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த முப்பதும் ஒரே பொருள்தானா? ஆர்36எஸ் என்ற பெயரில் விற்கும் மலிவான செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்கூடும் பெயரும் ஒன்றாக இருக்கும்; உள்ளே இருக்கும் மின்பலகையும் திரையும் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை வேறுபடும். போன மாதம் வந்த சரக்கின் நல்ல பெயரை இந்த மாதச் சரக்கு அனுபவித்துக்கொண்டிருக்கும்.

கணக்கு இப்படி என்றால், தொழிற்சாலைகள் எப்படி நம்பகத்தைத் தெரிந்துகொள்கின்றன? பத்து ஆண்டு தாங்கும் என்று சொல்லப் பத்து ஆண்டா காத்திருப்பார்கள்?

இதற்கு விடை சொல்ல எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. அத்தை மகள் இருக்கிறார். 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் தீர்வையற்ற தொழில்பேட்டை தொடங்கி, பின்பு பிறை, சுங்கை பட்டாணி என்று மின்னியல் தொழிற்சாலைகள் பரவியபோது, தோட்டத்துப் பெண்களை ஏற்றிப் போக பஸ் வந்தது. 1996இல் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்காவே வந்துவிட்டது. பால்மரம் வெட்டிய தாயின் மகள் சிப்பு சோதித்தாள். அத்தை மகளும் அப்படித்தான், எண்பதுகளின் கடைசியில் ‘ஆப்பரேட்டர்’ ஆனவர். அவர் வேலை பார்த்த பிரிவின் பெயர் ‘பர்ன்-இன்’.

“பெரிய அடுப்பு மாதிரி இருக்கும். தட்டு தட்டா சிப்ப அடுக்கி உள்ள தள்ளி, கரண்டும் குடுத்து வேக வைப்போம். சாகுறது அங்கயே சாவட்டும்னு சூப்பர்வைசர் சொல்வாரு” என்று இப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அந்தச் சூப்பர்வைசர் சொன்னதில் நம்பகவியலின் பாதி அடங்கிவிடுகிறது. மின்னணுப் பொருள்கள் கெட்டுப்போகும் வேகத்தை நாள்வாரியாக வரைந்தால், முதலில் உயரத்தில் தொடங்கி மளமளவென்று இறங்கும். பிறகு நெடுங்காலம் தட்டையாகப் போகும். கடைசியில் மறுபடி ஏறும். மேல்நாட்டார் இதைக் குளியல் தொட்டி வளைவு என்பார்கள். நம் வீட்டில் தொட்டி இல்லை. அடி தட்டையான குவாலியைப் பக்கவாட்டில் பார்த்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கச் சரிவு, பிறவிக் குறையோடு வந்தவை சாகும் காலம்: சரியாக ஒட்டாத ஈயம், மயிரிழை விரிசல், அழுக்குப் பட்ட இணைப்பு. நடுவில் இருப்பது தற்செயல் விபத்துகளின் காலம். வலப்பக்க ஏற்றம் தேய்மானம், முதுமை. பர்ன்-இன் என்பது இடப்பக்கச் சரிவைத் தொழிற்சாலைக்குள்ளேயே நடத்தி முடித்துவிட்டு, தட்டையான பகுதியில் நிற்கும் சரக்கை மட்டும் வெளியே அனுப்பும் வேலை.

அடுப்பு எதற்கு என்றால், வெப்பம் காலத்தைச் சுருக்குகிறது. வெப்பம் ஏறினால் வேதிவினைகள் எந்த விகிதத்தில் வேகம் பிடிக்கும் என்பதற்கு 1889இல் ஸ்வீடன் நாட்டு ஸ்வாந்தே அர்ரீனியஸ் ஒரு சூத்திரம் தந்தார். சிப்பு பழுதாவதும் பெரும்பாலும் மெல்ல நடக்கும் வேதிவினைதான் என்பதால், அதே சூத்திரத்தைத் தொழிற்சாலைகள் எடுத்துக்கொண்டன. வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மதிப்பை வைத்துப் போட்டுப் பார்த்தால், 125 டிகிரியில் ஒரு மணி நேரம் வேகும் சிப்பு, 55 டிகிரியில் சுமார் 78 மணி நேரம் உழைத்ததற்குச் சமமாக வயதாகிறது. 1,000 மணி நேரம் அடுப்பில் வைத்தால் ஏறக்குறைய ஒன்பது ஆண்டு. ஆறு வாரத்தில் ஒன்பது ஆண்டைப் பார்த்துவிடலாம். ஈரத்துக்கும் தனிச் சோதனை உண்டு: 85 டிகிரி வெப்பம், 85 விழுக்காடு ஈரப்பதம், 1,000 மணி நேரம். கோலா கெத்திலைவிடக் கொடிய ஊர் அது.

நல்ல நிறுவனத்தின் செட்டுக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு இந்த அடுப்புக்குப் போகிறது. நூறு வெள்ளி செட்டில் அடுப்புக்கு இடமில்லை. அதன் பர்ன்-இன் நம் வீட்டில்தான் நடக்கிறது. அதனால்தான் நான் எல்லாருக்கும் ஒரு விநோதமான அறிவுரை சொல்வேன்: வாங்கியவுடன் செட்டை நன்றாக வதையுங்கள். நம் வீடுகளில் என்ன செய்வோம்? மலிவு விற்பனையில் வாங்கி, ‘பரீட்சை முடிஞ்சதும் தர்றேன்’ என்று அம்மா அலமாரியில் பூட்டி வைப்பார். கடை மாற்றித் தரும் ஏழு நாள் அலமாரிக்குள்ளேயே முடிந்துவிடும். எட்டு வாரம் கழித்துத் திறந்தால் பிறவிக் குறை அப்போதுதான் தலை காட்டும். அந்த ஏழு நாளும் பையன் விளையாடட்டும். முழுக்க சார்ஜ் ஏற்றி முழுக்க இறக்கட்டும். எல்லாப் பொத்தானையும் அமுக்கட்டும். பரீட்சைக்கு முன் வாங்காமல் இருப்பது இதைவிட எளிது என்று அக்கா சொல்கிறார், அதுவும் சரிதான்.

இனி வலப்பக்க ஏற்றத்துக்கு வருவோம். கேம் செட்டில் முதலில் முதுமை அடைவது சிப்பு அல்ல. அசையும் பாகம் எதுவோ அதுதான் முதலில் போகும். இன்றைய செட்டுகளில் அது பெரும்பாலும் கட்டைவிரலால் சுழற்றும் ஸ்டிக்.

பழைய ரேடியோவின் சத்தம் கூட்டும் திருகைத் திருகினால் ‘கர கர’ என்று கேட்குமே, நினைவிருக்கிறதா? உள்ளே கரிப் பூச்சுப் பட்டை ஒன்று இருக்கும். அதன்மேல் ஓர் உலோகக் கால் உரசிக்கொண்டு நகரும். கால் நிற்கும் இடத்துக்குத் தக்கபடி மின்தடை மாறும். வருடக்கணக்கில் உரசி உரசிக் கரி தேய்ந்து தூளாகும். தூள் காலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். அதுதான் அந்தக் கரகரப்பு. பெரும்பாலான கேம் ஸ்டிக்கின் உள்ளேயும் இதே கதைதான், அளவு மட்டும் சுண்டுவிரல் நகம். ரேடியோ திருகை நாளைக்கு நாலு முறை தொடுவோம். ஸ்டிக்கை ஒரு மணி நேரத்தில் ஆயிரம் முறை தள்ளுவான் பையன். தேய்மானம் முற்றியதும், விரலை எடுத்த பிறகும் திரையில் ஆள் தானாக ஒரு பக்கம் நடக்கத் தொடங்குவான். இதற்கு ‘டிரிஃப்ட்’ என்று பெயர்.

2017 மார்ச்சில் வெளிவந்த நிண்டெண்டோ சுவிட்சின் ஜாய்-கான் கைப்பிடிகளில் இந்த நோய் உலகப் புகழ் பெற்றது. 2019இல் அமெரிக்காவில் வழக்கு தொடுத்தார்கள். 2020 ஜூனில் நிறுவனத் தலைவர் ஷுந்தாரோ ஃபுருகாவா வாடிக்கையாளர்களுக்கு ஏற்பட்ட தொல்லைக்காக வருத்தம் தெரிவித்தார். 2021 ஜனவரியில் ஐரோப்பியப் பயனீட்டாளர் அமைப்பான பெயுக், ஏறக்குறைய 25,000 புகார்களைத் திரட்டி ஐரோப்பிய ஆணையத்தின் முன் வைத்தது. அவற்றில் 88 விழுக்காடு, இரண்டு ஆண்டுக்குள் பழுதானவை.

இந்த எண்ணையும் அத்தை மகளின் கண்ணால் பார்க்க வேண்டும். 25,000 பேர் புகார் செய்தார்கள். சரி, எத்தனை பேர் புகார் செய்யவில்லை? ஜாய்-கான் கெட்டுப்போனவர்கள் மட்டும் வந்து கையெழுத்துப் போட்ட பட்டியலிலிருந்து பழுது விகிதத்தைக் கணக்கிட முடியாது. அதுவுமன்றி செட் வெளிவந்து நான்கு ஆண்டுகூட ஆகாத நிலையில் எடுத்த கணக்கு அது. பத்து ஆண்டில் பழுதாகும் ஜாய்-கான் அந்தப் பட்டியலில் இடம்பெறவே வழியில்லை. ஆனால் வேறொன்றை அது உறுதியாகக் காட்டியது: கெட்டவை எல்லாம் ஒரே இடத்தில், ஒரே விதமாகக் கெட்டிருந்தன. கைதவறிப் போட்டதால் உடைந்திருந்தால் ஆளுக்கொரு விதமாக உடைந்திருக்கும். ஒரே இடத்தில் கெடுவது வடிவமைப்பின் குறை. 2023இல் நிண்டெண்டோ ஐரோப்பாவில் டிரிஃப்ட் வந்த ஜாய்-கான்களை வாரண்டி முடிந்த பிறகும் இலவசமாகப் பழுது பார்க்க ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதல் நம் நாட்டுக்கு வரவில்லை.

தேயாத ஸ்டிக் செய்ய முடியாதா? முடியும். 1879இல் எட்வின் ஹால் கண்டுபிடித்த ஒரு விளைவு இருக்கிறது: மின்சாரம் ஓடும் தகட்டின் அருகே காந்தம் வந்தால் தகட்டின் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றும். ஸ்டிக்கின் அடியில் சின்னக் காந்தத்தை ஒட்டிவிட்டு, எதிரே இந்த உணரியை வைத்தால் போதும். ஒன்றை ஒன்று தொடவே வேண்டாம், தொடாதது தேயாது. 1998இல் வந்த சேகா டிரீம்காஸ்டின் கைப்பிடியிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. இப்போது இருநூறு வெள்ளிச் சீனத்துச் செட்டுகள் சிலவற்றின் பெட்டியிலேயே ‘ஹால் ஸ்டிக்’ என்று பெருமையாக அச்சடித்திருக்கிறார்கள். 2025 ஜூனில் வெளிவந்த சுவிட்ச் 2இலோ ஹால் ஸ்டிக் இல்லை. விலைக்கும் நம்பகத்துக்கும் நேர்க்கோட்டு உறவு கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? பாகத்துக்குப் பாகம் பார்க்க வேண்டியிருக்கிறது.

பொத்தான்கள் பரவாயில்லை. ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் குடை போன்ற ஒரு ரப்பர். அதன் வயிற்றில் கரி வில்லை. அமுக்கினால் வில்லை பலகையைத் தொட்டுச் சுற்று முழுமையாகும். உரசல் இல்லை என்பதால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மங்கினால் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். அந்த ரப்பர் சிலிக்கோன். நம் பால்மரத்தில் இறங்கியது அல்ல. சொன்னதும் பையனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அடுத்த நோயாளி பேட்டரி. லித்தியம் பேட்டரி, பயன்படுத்தினாலும் கிழடாகும்; பயன்படுத்தாவிட்டாலும் கிழடாகும். சுவிட்சின் பேட்டரி 800 முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகு புதிதாக இருந்தபோதைய கொள்ளளவில் 80 விழுக்காட்டுக்கு வரும் என்று நிண்டெண்டோ சொல்கிறது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் ஏற்றச் சொல்கிறது. நமக்கு வெப்பம்தான் பெரும் பகை. முழு சார்ஜோடு, தகரக் கூரைக்கு அடியில், மதிய வெயிலில் கிடக்கும் பேட்டரியின் உள்ளே திரவம் மெல்லச் சிதைந்து வாயு உண்டாகும். பேட்டரி உப்பும். காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் பசாருக்குள் போய்விட்டு வந்தாலும் இதே கதைதான். இரண்டாம் கைச் செட் வாங்கப் போனால் முதலில் அதைக் கடையின் கண்ணாடி மேடையில் மல்லாக்க வைத்து ஒரு மூலையைத் தட்டிப் பாருங்கள். தொட்டில்போல் ஆடினால் முதுகு உப்பியிருக்கிறது. அந்தப் பேரத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

மலிவுச் செட்டுகளில் நான் மதிக்கும் ஒரு குணம் உண்டு. ‘400 இன் 1’ என்று விற்கும் சின்னச் செட்டின் முதுகைத் திறந்தால் பிஎல்-5சி பேட்டரி உட்கார்ந்திருக்கும். ஒரு காலத்தில் நோக்கியா 1100 வைத்திருந்த எல்லாரும் பார்த்த அதே பேட்டரி. நகத்தால் நெம்பி எடுக்கலாம், எந்தக் கைப்பேசிக் கடையிலும் கிடைக்கும். அதிலும் ஒரு பழைய பாடம் இருக்கிறது: 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையே ஜப்பானின் மட்சுஷிட்டா தயாரித்த பிஎல்-5சி பேட்டரிகளில் சில சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகின. சுமார் 100 சம்பவங்கள். எது கெட்டது என்று பிரித்தறிய முடியாததால், 2007 ஆகஸ்டில் நோக்கியா 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகளுக்கு மாற்று தர முன்வந்தது. நூறு எங்கே, நான்கரைக் கோடி எங்கே! ஆனால் எந்தத் தொழிற்சாலை, எந்த மாதம் என்று சொல்ல அவர்களிடம் பதிவேடு இருந்தது. இன்று கடையில் பெயரில்லாமல் விற்கும் பிஎல்-5சிக்கு அப்படிப்பட்ட பதிவேட்டை எங்கே தேடுவது? அதனால் மாற்றும்போது இரண்டு மூன்று வெள்ளி பார்க்காதீர்கள்.

கடையிலேயே அரை நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை ஒன்றைச் சொல்கிறேன். இதைக் கற்ற பிறகு எனக்குக் கொஞ்சம் கர்வமே வந்துவிட்டது. செட்டின் சார்ஜ் துளை யூஎஸ்பி-சி என்றால், இருபக்கமும் சி முனை உள்ள கேபிளால் நல்ல சார்ஜரில் சொருகிப் பாருங்கள். மலிவுச் செட்டுகள் பலவற்றில் சார்ஜ் ஏறாது. பழைய அகல முனைக் கேபிளில் மட்டும் ஏறும். காரணம் இது: சி முனைச் சார்ஜர் எடுத்த எடுப்பில் மின்சாரம் தராது. எதிரே இருப்பது மின்சாரம் வாங்கும் கருவிதான் என்று உறுதிசெய்ய, கருவியில் 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு இருக்கின்றனவா என்று பார்க்கும். எள்ளளவு பொருள், விலை சென் கணக்கில்கூட வராது. அந்த இரண்டையும் மிச்சம் பிடித்திருக்கிறார் தயாரிப்பாளர். பெரிய இடத்திலும் இந்தத் தவறு நடந்ததுண்டு: 2019இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 4 கணினியில் இரண்டு மின்தடைக்குப் பதிலாக ஒன்றை வைத்துப் பகிர்ந்துவிட்டதால், சில கேபிள்களில் மின்சாரம் ஏறவில்லை, பிறகு திருத்தினார்கள். கண்ணுக்குத் தெரியும் சார்ஜ் துளையிலேயே இப்படி மிச்சம் பிடித்தவர், கண்ணுக்குத் தெரியாத பேட்டரிப் பாதுகாப்புச் சுற்றில் தாராளமாக இருந்திருப்பாரா என்று நான் கேட்டுக்கொள்வேன்.

நினைவக அட்டையைப் பற்றி ஒரே வரி: செட்டோடு வரும் பெயரில்லாத அட்டையை நம்பாதீர்கள், முதல் நாளே அதில் இருப்பதைப் பெயருள்ள அட்டைக்குப் படியெடுத்துவிடுங்கள்.

தொண்ணூறுகளில் பசார் மாலாமில் ‘பிரிக் கேம்’ விற்றார்கள். பெட்டியில் 9999 இன் 1 என்று போட்டிருக்கும். உண்மையில் பத்துப் பன்னிரண்டு ஆட்டம்தான். கறுப்புக் கட்டம் விழும் திரை, இரண்டு சின்ன பேட்டரி. மாட்டுக் கொட்டகையில் விழுந்தது, மழையில் நனைந்தது, தங்கச்சி உட்கார்ந்தாள். எல்லாவற்றுக்கும் பிறகும் ஓடியது. அதற்கு மூத்த அண்ணன் 1989இல் வந்த நிண்டெண்டோ கேம் பாய். அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய குன்பேய் யோக்கோய்க்கு ஒரு கொள்கை இருந்தது: புத்தம் புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே, நன்றாகப் பழகி, விலை இறங்கி, குறை குணம் எல்லாம் தெரிந்துவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்துப் புது விதமாகப் பயன்படுத்து. கேம் பாய்க்கு வண்ணம் இல்லை, பின்விளக்கு இல்லை. நான்கு பேட்டரியில் சுமார் 15 மணி நேரம் ஓடியது. 1990இல் போட்டிக்கு வந்த சேகா கேம் கியரில் வண்ணத் திரை, பின்விளக்கு எல்லாம் இருந்தன. ஆறு பேட்டரி மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்தது. அதைவிட மோசம், அதிலிருந்த அக்காலத்துச் சிறு மின்தேக்கிகளில் திரவம் கசிந்து பலகையை அரித்தது. இன்று பழைய பொருள் சேகரிப்பவர் கேம் கியர் வாங்கினால், மின்தேக்கிகளை மாற்றும் செலவையும் சேர்த்துத்தான் விலை பேசுவார். கேம் பாயோ, அதன் வண்ண வாரிசோடு சேர்த்து 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றது.

என் தீர்ப்பும் யோக்கோய் பக்கம்தான். வெளிவந்த முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள். சுவிட்சையே பாருங்கள்: 2017இல் வாங்கியவருக்கு ஒரு சார்ஜில் இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் கிடைத்தது. 2019இல் சத்தமில்லாமல் வந்த திருத்திய மாடலில் அது நாலரை முதல் ஒன்பது ஆனது, விலை ஏறவில்லை. அதேபோல, ஸ்டிக் உடம்போடு ஒட்டியிருக்கும் சுவிட்ச் லைட்டைவிட, ஜாய்-கானைத் தனியே கழற்ற முடிகிற சுவிட்ச் நமக்கு உகந்தது. கைப்பிடி கெட்டால் கைப்பிடியை மட்டும் மாற்றலாம். சுங்கை பட்டாணியில் எந்தப் பாகம் கிடைக்கிறதோ, அந்தப் பாகம் உள்ள செட்தான் கோலா கெத்திலில் நம்பகமான செட்.

வாரண்டி விஷயத்தில் நம் ஆட்கள் ஏமாறுவது இரண்டு வார்த்தைகளில்: ‘ஏபி செட்’. அதிகாரபூர்வ விநியோகஸ்தர் வழியாக வராமல் வேறு வழியில் இறக்குமதியான சரக்கு; விலை குறைவு; வாரண்டி கடைக்காரரின் வாய்ச்சொல். ஆனால் வாய்ச்சொல்லுக்கு அப்பால் சட்டம் ஒன்று இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிகர் விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வேண்டாம். 50,000 வெள்ளி வரையான கோரிக்கையை அங்கே விசாரிக்கிறார்கள். கேம் செட்டுக்கு அது போதும் என்று நினைக்கிறேன். ஒன்று மட்டும் கவனம்: பக்கத்துத் தாமான் பையனிடம் கைமாற்றாக வாங்கியதற்கு இது செல்லாது, வியாபாரமாக விற்றவரிடம் வாங்கியிருக்க வேண்டும்.

அக்கா மகன் கடைசியில் ஒரு மலிவுச் செட்தான் வாங்கினான். ஹால் ஸ்டிக், கழற்றக்கூடிய பேட்டரி, இருமுனை சி கேபிளில் சார்ஜ் ஏறுகிறது. ஏழு நாள் வதைக்கச் சொன்னேன். நான்காம் நாள் மேல் இடப்பக்கப் பொத்தான் வேலை செய்யவில்லை. குவாலியின் இடப்பக்கச் சரிவு. கடைக்காரத் தம்பி முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார். அவருடைய கணக்கில் இப்போது முப்பத்தொன்றில் ஒன்று. இரண்டாவது செட் இதுவரை ஓடுகிறது.

இதில் நான் மறந்துபோன பாகம் ஒன்று இருந்தது, ரசீது. கடைகளில் தரும் ரசீது மையால் அச்சானது அல்ல. சூடு பட்டால் கறுக்கும் பூச்சு பூசிய தாள். சூட்டில் பிறந்த எழுத்து சூட்டிலேயே மங்கும். பிளாஸ்டிக் உறையில் வைத்தால் இன்னும் சீக்கிரம் மங்கும். வாரண்டி ஓராண்டு என்றால், கெடா வெயிலில் ரசீது அதுவரை தாங்குவது சந்தேகம். வாங்கிய அன்றே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.